அரைக் கட்டை

ஜனவரி 4, வியாழன்

புது டைரியில் முதல் மூன்று பக்கம் காலியாகப் போய்விட்டது. கடையில் கூட்டம். வருஷம் பிறந்தால் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டவர்கள் மாதிரி வருகிறார்கள்.

இன்று எழுதாமல் இருக்க முடியாது. மத்தியானம் ரெக்ஸ் கடைக்குள் பாய்ந்து வந்தான். கண் பரிசோதனை நாற்காலியில் ஓர் அம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிக் கவலையே படாமல் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மச்சான், படிடா. சத்தமா படி."

டெனிஸ் ஹோல்ராய்டின் மகள் எழுதியிருந்தாள். அவளுக்குச் சென்னையில் வேலையாம், ஈசிஆரில் வீடாம். குளிருக்குப் பயந்து அப்பாவும் இரண்டு மாதம் இங்கே வந்து இருக்கிறாராம். யாரோ யூட்யூபில் போட்ட எங்கள் பாட்டைக் காட்டினாளாம். 'அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். உங்களோடு ஒரு பாட்டு வாசிக்க ஆசைப்படுகிறார்.'

படித்து முடித்ததும் அந்த அம்மாள் "நல்ல சேதியா?" என்று கேட்டார். ரெக்ஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பின்னால் யாராவது இதைப் புரட்டினால் புரியட்டும் என்று எழுதுகிறேன். நார்த் பியர் என்பது இங்கிலாந்தின் ராக் இசைக்குழு. கிரிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுகத்திலிருந்து, அந்த ஊர் காசிமேட்டிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம், புறப்பட்ட நான்கு பேர். பாடகர் கீத் வாரிங் செத்துப்போய் வெகுநாளாகிறது. கிடார் ஹோல்ராய்ட். டிரம்ஸ்காரர் ஞாபகமறதி நோயில் கிடக்கிறார். நான்காமவர் ஆலன் க்ரோதர், பேஸ் கிடார், பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த நாதம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே ஒருநாள் அவர் விலகினார். அதன் பிறகு வந்த ஓர் இசைத்தட்டும் உருப்படவில்லை. இது என் அபிப்பிராயம் அல்ல, உண்மை.

பெரம்பூரில் நாங்கள் நான்கு பேர் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அவர்களுடைய கேசட் ஒன்றைக் கேட்டோம். அதோடு முடிந்தது எங்கள் கதை. 'சௌத் பியர்' என்று பெயர் வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டை மட்டுமே வாசித்து வருகிறோம். ரெக்ஸ் பாடுவான். கோதண்டம் டிரம்ஸ். நான் பேஸ். கிடார் வாசித்த பெர்சி மெல்போர்னில் குடியேறிவிட்டான். ரெக்ஸ் என் பள்ளித் தோழன், பிறகு என் தங்கை எமலினைக் கட்டிக்கொண்டு மச்சானும் ஆனான். எதையும் விட்டுவைக்க மாட்டான்.

கடிதத்தில் 'அன்புள்ள திரு. ரெக்ஸ்' என்று மட்டும் இருந்தது. குழுவுக்கு மெயில் முகவரி வாங்கிக் கொடுத்தவன் நான். எனக்கொன்றும் வருத்தமில்லை.

ஜனவரி 6, சனி

ஒத்திகை, கோதண்டம் வீட்டு மொட்டை மாடியில். வழக்கம்போல முதலில் கேசட் போட்டோம்.

எங்கள் வழக்கம் இது. சுருதி காட்டும் டியூனர், கீபோர்டு எதையும் நம்ப மாட்டோம். பர்மா பஜாரில் வாங்கிய அதே கேசட்டை, என் அப்பாவின் அதே டேப் ரிக்கார்டரில் போட்டு, 'கிரிம்ஸ்பி லைட்ஸ்' பாட்டின் முதல் சில நொடிகளை ஓடவிடுவோம். அந்தச் சுருதிக்குக் கம்பிகளை முறுக்கிக்கொள்வோம். அதுவரை யாரும் பேசக்கூடாது. வேர்க்கடலை கொறிக்கக்கூடக் கூடாது. அது க்ரோதர் தனியாக வாசிக்கும் இடம். பாட்டே அந்த பேஸில்தான் நிற்கிறது. இசைத்தட்டின் அட்டையில் மட்டும் இயற்றியவர்கள் 'வாரிங் - ஹோல்ராய்ட்' என்று போட்டுக்கொண்டார்கள்.

ரெக்ஸ் நிகழ்ச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பிப்ரவரி பத்து, இன்ஸ்டிட்யூட் ஹால். கோதண்டம்தான் நல்ல கேள்வி கேட்டான்.

"வெள்ளைக்காரரு இன்னா சுருதில வாசிப்பாரு? நம்ம கேசட்டு அவராண்ட இருக்குமா?"

"அவர்தாண்டா கேசட்டுல வாசிச்சதே. நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம சாப்பாடுதான் சாப்பிடணும்" என்றான் ரெக்ஸ். சொல்லும்போது கோதண்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

ஜனவரி 7, ஞாயிறு

சர்ச்சில் பாஸ்டர் ஐயர், அறிவிப்புகளின் கடைசியில், "ரெக்ஸும் அவருடைய குழுவினரும்" என்று சொல்லி வாழ்த்தினார். நான் குழுவினர்.

ஜனவரி 11, வியாழன்

ஹோல்ராய்ட் வீட்டில் உட்கார்ந்து கிரிம்ஸ்பி லைட்ஸ் வாசித்ததை மகள் போனில் பிடித்து அனுப்பியிருந்தாள். ரெக்ஸ் எங்களுக்குத் தள்ளிவிட்டான். கிழவரின் கை இன்னும் குழையவில்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. பின் அறையில் பேஸை எடுத்து அவரோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. என் காதுதான் போய்விட்டது என்று பயந்தேன். பிறகு மகன் எப்போதோ என் போனில் போட்டுக்கொடுத்த டியூனரைத் திறந்தேன். ஹோல்ராய்ட் உலகம் முழுவதும் வாசிக்கும் சுருதியில்தான் வாசிக்கிறார். நாங்கள்தான் அரைக் கட்டை மேலே இருக்கிறோம். கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டையிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குப் போகிற தூரம்.

கேசட் வேகமாக ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை. பஜார்க்காரன் எந்த மெஷினில் பதிவு செய்தானோ, சுருதியும் ஏறி, வேகமும் ஏறி, அதையே வேதமாக எடுத்துக்கொண்டு பாதி ஆயுளை வாசித்துக் கழித்திருக்கிறோம். முன்பு ஒருநாள் சி.டி. வந்தபோது பெர்சி, "இது இறங்கிக் கேட்குதே" என்றான். ரெக்ஸ் ஒரே போடாகப் போட்டான்: "சி.டி. கம்பெனிக்காரன் மெதுவா ஓட்டிட்டான்." அதோடு அடங்கிவிட்டோம். ரெக்ஸ் சொன்னால் அடங்கிவிடுவது எங்கள் இன்னொரு வழக்கம்.

சிரித்தேன். பிறகு ஒன்று தோன்றியது. பேஸின் சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொண்டு, பாட்டின் கடைசி வரியை மட்டும், அந்த உச்ச இடத்தை, பாடிப் பார்த்தேன். எங்கள் சுருதியில் அது எனக்கு எட்டவே எட்டாது. அதனால்தான் காலமெல்லாம் ரெக்ஸின் மெட்டுக்கு அடியில் துணையாகக் கீழ்க்குரல் பாடி வருகிறேன். இன்று எட்டியது. சுத்தமாக, சிரமமே இல்லாமல்.

மூன்று தடவை பாடினேன். மூக்குக்கண்ணாடிக்குக் காது பிடி மாற்ற வந்தவர் வெளியே நின்று கேட்டிருக்கிறார். "ரேடியோவா சார்?" என்றார்.

ஜனவரி 12, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஜனவரி 13, சனி

ஒத்திகை. கடைசி வரியில் ரெக்ஸ் குரல் பிளந்தது. இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி எடுத்தான். மறுபடி பிளந்தது. "பனி" என்றான். சாயந்திரம் நாலு மணிக்கு என்ன பனி.

கொஞ்ச நாளாகவே அவனுக்கு அந்த இடம் கஷ்டம்தான். வயது ஐம்பத்தெட்டு. வாலிபத்தில் கத்திய கத்தலெல்லாம் தொண்டையில் சேர்ந்திருக்கும். அரைக் கட்டை இறக்கினால் வெண்ணெய் மாதிரிப் பாடிவிடுவான். அது எனக்குத் தெரியும்.

கோதண்டம், "தலீவா, வேணும்னா கொஞ்சம் எறக்கிக்கலாமே" என்றான்.

ரெக்ஸ் கோபப்பட்டான். "எறக்குறதா? சாமி பாட்டை எறக்குவியாடா?"

நான் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. கோதண்டம் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் வந்தன. ஷீலா அடுப்படியில் கிரிம்ஸ்பி லைட்ஸ் முணுமுணுத்தபடி வடை தட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முணுமுணுப்பது எப்போதும் ரெக்ஸ் பாடும் மெட்டுதான். பேஸை முணுமுணுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு முறையாவது முயற்சி செய்திருக்கலாம்.

மோட்டார் ரிப்பேர். ஆள் நாளை வருவானாம்.

ஜனவரி 20, சனி

எமலின் கடைக்கு வந்தாள். கண்ணாடியின் மூக்குப் பிடி கழன்றுவிட்டது என்று வந்தாள். அதை நான் மாட்டிக் கொடுத்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, அவர் தொண்டை டாக்டர்கிட்ட போனார். உன்கிட்ட சொன்னாரா?"

"இல்லையே."

"உள்ளே வீங்கியிருக்காம். கத்திப் பாடினா நிரந்தரமா போயிடும்னு சொல்லிட்டார். பேச்சே கரகரன்னு ஆயிடுமாம். இவர் காதுலயே போட்டுக்கல. ஹோல்ராய்ட் முன்னால ஒரு தடவை பாடிட்டா போதும், அப்புறம் குரல் போனா போகட்டும்ங்கிறார். நீ சொன்னா கேப்பார்ண்ணா."

"நான் சொல்லி அவன் எதைக் கேட்டிருக்கான்?"

"உன்னைப் பத்தி உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

சொல்லவேண்டியதுதான். ஒரே வாக்கியம்: கேசட் ஏறி ஓடுகிறது, இறக்கிப் பாடு. சொன்னால் தொண்டையும் பிழைக்கும், பாட்டும் பிழைக்கும். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இப்போது சொன்னால் குழம்பிப்போவான்.

ஜனவரி 24, புதன்

போஸ்டர் வந்துவிட்டது. ஹோல்ராய்ட் படம் பெரிதாக. பக்கத்தில் ரெக்ஸ், தலைமுடியைக் கோதிக்கொண்டு. கீழே கோதண்டமும் நானும் ரேஷன் கார்டு போட்டோ அளவில். என் தலைக்கு மேலேயே நன்கொடையாளர் பெயர் ஓடுகிறது, ஒரு பிரியாணிக் கடை.

நேரம் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. இன்று அந்த நேரம் இல்லை.

ஜனவரி 27, சனி

ஒத்திகை. ரெக்ஸ் கடைசி வரியைப் பாடவில்லை. "அன்னிக்கு வச்சுக்கலாம், சேமிச்சு வைக்கிறேன்" என்றான். நானும் கோதண்டமும் வெறும் வாத்தியத்தோடு முடித்தோம்.

திரும்பி வரும்போது என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். சிக்னலில் திடீரென்று, "க்ரோதர் ஏன்டா விலகினான்?" என்று கேட்டான்.

"பேர் போடலைன்னு."

"அவ்வளவுதானா?"

"அது சின்ன விஷயமா?"

கரகரவென்று மூச்சு விட்டுக்கொண்டு வந்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பச்சை விழுந்துவிட்டது.

பிப்ரவரி 2, வெள்ளி

குளிக்கும்போது பாடுகிறேனாம். ஷீலா காப்பியோடு நின்றுகொண்டு சொன்னாள்:

"என்னங்க, ஒரு வாரமா அந்தக் கடைசி வரியை மட்டுமே பாடுறீங்க. அது ரெக்ஸ் அண்ணன் பாடுற இடமாச்சே."

"பாட்டுல பட்டா போட்டு வச்சிருக்கானா?"

"அதுக்கில்ல. நல்லாதான் இருக்கு. ஆனா நீங்க பாடும்போது ஏன் மூஞ்சியை அப்படி வச்சுக்கிறீங்க? யாரையோ அடிக்கப் போற மாதிரி."

காப்பியில் சர்க்கரை கம்மி. அதைச் சொன்னேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

நாளை. பேஸுக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குப் போய் வந்துவிட்டது.

ரெக்ஸ் குரல் நடுவில் உடைந்தால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா. அதற்கு ஒருவன் தயாராக இருக்க வேண்டும் அல்லவா. நான் தயாராக இருக்கிறேன். இதில் தப்பு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் இன்று பகலில் எமலின் போன் செய்தபோது எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலிருந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஹாலில் மைக் சரிபார்க்கக் கூடினோம். ஹோல்ராய்ட் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேலே பூப்போட்ட சட்டை, காலில் பாட்டா செருப்பு. இவருக்காகவா ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டோம் என்று இருந்தது. கிடாரைக் கையில் எடுத்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

அவர் டியூனர் வைத்து சுருதி சேர்த்துக்கொண்டார். ரெக்ஸ் எங்கள் டேப் ரிக்கார்டரை மேடையில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். வழக்கப்படி நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். க்ரோதரின் பேஸ் கேட்டது.

ஹோல்ராய்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வீடியோவில் கேட்டபோதே சந்தேகப்பட்டேன். நண்பர்களே, உங்கள் டேப் வேகமாக ஓடுகிறது. நாங்கள் பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி வாசித்திருக்கிறோம்."

கோதண்டம் என்னைப் பார்த்தான். "இன்னாபா சொல்றாரு?" என்றான். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "அப்ப நா இத்தினி வருசமா தப்பாவா அடிச்சிக்கினு இருந்தேன்?"

"தப்பில்லை" என்றார் ஹோல்ராய்ட், அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு. "இது உங்களுடையது. ஆனால் பாடகருக்குத் தொண்டை வேண்டாமா? இறங்கி வாருங்கள், எங்கள் இடத்தில் பாடலாம்."

நான் எதிர்பார்க்காத இடம் இது. காப்பாற்றும் கயிற்றை அவரே எறிந்துவிட்டார். ரெக்ஸ் பிடித்துக்கொள்வான், பாடிவிடுவான், என் ஒரு மாதத் தயாரிப்பு வீண் என்று நினைத்தேன். அப்போது ரெக்ஸ் சொன்னான்:

"வேண்டாம் சார். எங்க ஜனங்களுக்கு இப்படித்தான் தெரியும். நாங்க மேலேயே பாடுறோம்."

ஹோல்ராய்ட் தோளைக் குலுக்கிவிட்டு அரைக் கட்டை ஏற்றிக்கொண்டார். ஆரம்பித்தோம். கடைசி வரி வந்தது. ரெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு எட்டினான். குரல் வரவில்லை; காற்று மட்டும் வந்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கீழே முதல் வரிசையில், அவனோடு வந்திருந்த எமலின் எழுந்து நின்றாள். அவள் பார்த்தது அவனை அல்ல, என்னை.

நான் ஒரு மாதமாக எதற்குக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஹாலுக்குப் பின்னால் தண்ணீர் டாங்க் பக்கம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். கையில் வெந்நீரைக் கொடுத்தேன்.

"ஏண்டா இறங்க மாட்டேங்கிற? அவரே சொல்றாரே. தொண்டை மொத்தமா போயிடும்டா, முட்டாள்."

வெந்நீரைக் குடித்தான். "உனக்கு எப்போ தெரியும்?"

"என்னது?"

"கேசட் ஏறி ஓடுதுன்னு. அவர் சொன்னப்போ கோதண்டம் ஆடிப்போயிட்டான். நீ ஆடலையே."

"போன மாசம். அவர் வாசிச்சது வந்துச்சே, அப்போ."

ரெக்ஸ் சிரிக்கப் பார்த்து இருமினான். "எனக்கு சி.டி. வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு சி.டி. தப்புன்னு சொன்ன?"

அவன் டாங்க் மேல் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான். குரல் பாதிதான் வந்தது. "பெர்சி வீட்டு மாடியில சி.டி. போட்டோமே. நீ கூடவே பாடினடா. கடைசி வரி. மேல போயி அப்படியே நின்ன. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. எமலின் திரும்பிப் பார்த்தா. உன் தங்கச்சிதான், இருந்தாலும் எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்த சுருதியில உனக்கு எட்டுது. கேசட் சுருதியில எனக்கு மட்டும்தான் எட்டும். அன்னிக்கு முடிவு பண்ணேன், இறங்கவே கூடாதுன்னு."

எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. பெர்சி வீட்டு மாடி ஞாபகம் இருக்கிறது, அவன் அம்மா கொடுத்த ரோஸ் குக்கீஸ் ஞாபகம் இருக்கிறது. நான் பாடியது துளிகூட இல்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: முதலில் வந்தது சந்தோஷம். என்னைப் பார்த்து ஒருவன் வயிறெரிந்திருக்கிறான், அதுவும் ரெக்ஸ், அதுவும் இத்தனை வருஷம்! அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் அவன் கேட்டான்:

"நீ ஏன் போன மாசமே சொல்லல?"

"நீ அவர் முன்னால உடைஞ்சு நிக்கணும்னு இருந்துச்சு."

"எமலின் டாக்டர் விஷயம் சொன்ன பிறகுமா?"

"அப்புறமும்தான்."

அவன் டம்ளரில் மிச்சமிருந்த வெந்நீரைக் கீழே கொட்டினான். "இதை அவகிட்ட ரெண்டு பேருமே சொல்ல வேண்டாம்" என்றான். "ரெண்டு பேருக்கும் சோறு கிடைக்காது."

பிறகு, "நீ பாடு. கீழ இறக்கி நீ பாடு. என்னால முடியாது" என்றான்.

ஆறரைக்கு ஹால் நிறைந்துவிட்டது. மற்ற பாட்டுகளை ஹோல்ராய்ட் தனியாக வாசித்தே சமாளித்தார். கடைசியாக கிரிம்ஸ்பி லைட்ஸ். ரெக்ஸ் மேடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நடுவில் இருந்த மைக் எனக்கு. அந்த இடத்திலிருந்து பார்த்தால் கூட்டம் வேறு மாதிரி இருக்கிறது. ஷீலா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

க்ரோதரின் பேஸை நான் வாசித்தேன், அவர் வாசித்த சுருதியில், அவர் வாசித்த வேகத்தில். ஹோல்ராய்ட் சேர்ந்துகொண்டார். முதல் வரி வந்தது. வாயைத் திறந்தேன். கீழ்க்குரல் வந்தது.

மெட்டு வரவில்லை. கடைசி வரியை நூறு தடவை பாடிப் பார்த்தவன் முதல் வரியை ஒரு தடவைகூடப் பாடிப் பார்க்கவில்லை. தொண்டைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், ரெக்ஸுக்குக் கீழே ஒரு படி. மேலே ஆள் இல்லாமல் அது தனியாக, பிணத்தின் பின்னால் பாடுகிற மாதிரி, ஹாலில் அலைந்தது. திருத்தப் பார்த்தேன். இன்னும் கீழே போனது. யாரோ சிரித்தார்கள்.

இரண்டாவது வரியில் ஓரத்திலிருந்து மெட்டு வந்தது. ரெக்ஸ். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரிப் பாடினான். அந்த இறங்கிய சுருதியில் அவனுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. கரகரப்பு இருந்தது, ஆனால் அது பாட்டுக்கே வேண்டியிருந்த மாதிரி இருந்தது. நான் என் கீழ்க்குரலோடு அவனுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டேன். கடைசி வரியில் அவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். அதை நான் பாடினேன். எட்டியது.

கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "ஏம்பா இவ்ளோ ஸ்லோ?" என்று கத்தினார். எங்கள் பழைய ரசிகர்.

எல்லாரும் ஹோல்ராய்டோடு போட்டோ எடுத்துக்கொண்டு பிரியாணிக்குப் போன பிறகு, அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். க்ரோதர் ஏன் போனார் என்று கேட்டேன். வாழ்நாளெல்லாம் கேட்கக் காத்திருந்த கேள்வி. அட்டையில் பேர் போடாததாலா?

"பேர் போட ஒத்துக்கொண்டோம். அப்புறமும் போனான்" என்றார். "நீங்கள் உங்கள் மச்சானைப் பார்க்கிறீர்களே, ஆலனும் கீத்தை அப்படித்தான் பார்ப்பான்."

"கீத்துக்கு அது தெரியுமா?"

"கீத் ஒருநாளும் ஆலன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமல் வாயைத் திறந்ததில்லை. கீத் அப்படித் தோளைத் திருப்பிப் பார்ப்பதை ஜனங்கள் ஸ்டைல் என்றார்கள். பயம். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் ஆலன் வண்டியிலிருந்து இறங்கிப் போனான். கீத் சாவுக்கும் வரவில்லை. நான் இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனைப் பார்க்கப் போகிறேன். கீத் எப்படிப் பாடினான் என்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான்."

மகள் வந்து மாத்திரை சாப்பிடச் சொன்னாள். அவர் போய்விட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஷீலா வந்து, "சர்ச்சுக்கும் வராம என்ன எழுதுறீங்க?" என்று கேட்டாள். கடைக் கணக்கு என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

டாக்டர் ரெக்ஸைத் திட்டினாராம். தொண்டையில் ரத்தம் கட்டியிருக்கிறது. ஆனால் குரல் போகாது, இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால். பாட்டும் கூடாது, பேச்சும் கூடாது. எமலின் போனில் சொல்லிவிட்டு அழுதாள், பிறகு, "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமாண்ணா" என்று சிரித்தாள். "நீ அன்னிக்கே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனை வைத்தாள். எதுவோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 17, சனி

நிகழ்ச்சியின் வீடியோ யூட்யூபில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. கீழே எழுதுகிறவர்கள் எல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து பாடியவரைப் பற்றியே எழுதுகிறார்கள். என் முதல் வரியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 24, சனி

ஏப்ரலில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் ரெக்ஸ் குரல் திரும்பாது. அவனே சிலேட்டில் எழுதிக் காட்டினான்: 'நீ மெட்டு கத்துக்கோ.'

இன்று மொட்டை மாடியில் முதல் பாடம். டேப் ரிக்கார்டரை எடுத்து வந்தோம், ஆனால் போடவில்லை. போனில் டியூனர் வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் பேசலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று பேரும் முழித்தோம். கோதண்டம் பழக்கதோஷத்தில் வேர்க்கடலையைக் கீழே வைத்துவிட்டான்.

பாடினேன். முதல் வரியில் கீழ்க்குரல் வந்தது. ரெக்ஸ் பேசக் கூடாதல்லவா, கரண்டியால் டேபிளைத் தட்டினான். மறுபடி பாடினேன். மறுபடி தட்டினான். தப்பு வருகிற இடமெல்லாம் தட்டு. ஒரு மணி நேரம் போனதும் முதல் வரி முழுக்க மெட்டிலேயே நின்றது. கோதண்டம் "சபாஷ்" என்றான்.

ரெக்ஸோடு வந்திருந்த எமலின் டீ கொண்டுவந்தாள். அவள் இருக்கும்போதே முழுப் பாட்டையும் எடுத்தேன். நடுவில் இரண்டு இடத்தில் தட்டினான், சரிதான், சறுக்கியிருந்தேன். கடைசி வரிக்கு வந்தேன். சுருதி பிசகாமல் மேலே போய் நின்றேன். எமலின் தட்டைக் கையில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

அந்த இடத்திலும் ரெக்ஸ் ஒரு தட்டு தட்டினான். பொறாமை பிடித்தவன்.